இரண்டு ரோகிணிகள்

எட்டாம் வகுப்பு ரோகிணி ஜூலை மாதத்திலிருந்து இரண்டு பேராக இருந்தாள். ஒருத்தி பள்ளிக்கு வந்தாள். இன்னொருத்தி வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருந்தாள். வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டம்தான் இருந்தது.

நான் அந்தப் பள்ளியின் உளவியல் ஆலோசகர். தலைமை ஆசிரியை பெர்னதெத் மேடம் என்னைக் கூப்பிட்டு ஒரு படிவத்தைக் கொடுத்தார். ‘நிஜமானவர்’ என்று போட்டு எதிரே ஒரு கோடு இருந்தது.

“வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுங்க. இன்னொருத்தியைப் பதிவேட்டுலேர்ந்து அடிச்சிடலாம்.”

“அடிச்சா அவ என்ன ஆவா?”

“அதுக்குப் படிவம் வரல.”

ரோகிணியின் அம்மா ஈஸ்வரி வந்தார். தையல் கம்பெனியில் வேலை. பாதி ஷிப்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

“ஸ்கூலுக்கு வர்றவளையே வச்சுக்கலாம் மேடம். சொன்னதைக் கேக்குறா. டிபன் பாக்ஸ் காலியா வருது.”

“வீட்டுல இருக்கவ?”

“அவ யாருன்னே சந்தேகமா இருக்கு.” இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

பள்ளிக்கு வருகிறவளை என் அறைக்கு அழைத்துப் போனேன். நடைபாதை அன்று கொஞ்சம் நீளம். இரண்டு பீரியட் நடந்தோம். ஏன் என்று அவள் கேட்கவே இல்லை.

“நல்லாத் தூங்குறியா?”

“தூங்குறேன் மேடம்.”

“யாரோட சாப்பிடுற?”

“எல்லாரோடயும் மேடம்.”

“வீட்டுல இருக்கவளைப் பத்தி சொல்லு.”

“அவளை நம்பாதீங்க மேடம்.”

சிரித்தாள். மூன்று பதிலுக்கும் அதே சிரிப்புதான். பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். எல்லாம் நன்றாக இருக்கிற பிள்ளையை இதுவரை பார்த்ததில்லை.

வியாழக்கிழமை வீட்டுக்குப் போனேன். குனிந்து கட்டிலுக்கு அடியில் நுழைந்தேன். உள்ளே வெளியில் தெரிந்ததைவிட இடம் அதிகம். அரிசி மூட்டையைத் தாண்டி, பழைய மின்விசிறியைத் தாண்டி, முழங்கால் வலிக்கிற வரை தவழ்ந்தேன். கடைசியில் ரோகிணி இருந்தாள். தலை வாரியிருக்கவில்லை.

“அவ அனுப்புனாளா?”

“இல்ல.”

“அம்மாவா?”

“இல்ல.”

“அப்ப எதுக்கு வந்தீங்க?”

“ஒரு படிவம் இருக்கு.”

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு அவளே கேட்டாள்.

“மத்தியானம் அவ எங்க சாப்பிடுறான்னு பாத்தீங்களா?”

வெள்ளிக்கிழமை மதியம் போய்ப் பார்த்தேன். கழிப்பறையின் கடைசிக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

“நான் நல்லா இருக்கேன் மேடம்.”

நான் யார் என்று இன்னும் சொல்லியிருக்கவில்லை.

கதவைத் திறந்தாள். சோறு முழுக்கக் குப்பைக்கூடையில் கிடந்தது. அங்கேயே நின்று நடந்ததைச் சொன்னாள். ஜூலை முதல் வாரம் வகுப்பில் மற்ற நாற்பத்தோரு பேரும் சேர்ந்து இவளோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள். யாரும் மீறவில்லை. வகுப்பு அமைதியாக இருக்கிறது என்று ஆசிரியர்கள் பாராட்டியிருந்தார்கள்.

பெர்னதெத் மேடத்திடம் சொன்னேன்.

“திங்கக்கிழமை அந்த வகுப்போட நான் பேசணும். டீச்சர்ஸும் இருக்கணும்.”

“படிவம்?”

“எழுதல.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “இதைச் சொல்றது நிஜமான நீங்கதானே?”

“நான்தான்.”

அவர் நம்பவில்லை. ஆனாலும் திங்கட்கிழமைக்குச் சரி என்றார்.

அன்று சாயங்காலம் பள்ளி ரோகிணியோடு நானும் வீட்டுக்குப் போனேன். ஈஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார்.

“பாக்ஸ் காலியாத்தானே மேடம் வந்துச்சு.”

திரும்பத் திரும்ப அதையே சொன்னார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் நுழைந்தார். பாதம் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

பள்ளி ரோகிணி சீருடையோடு வாசலிலேயே நின்றாள். அவளிடம் சிரிப்பு இல்லை.

“அம்மா எதுக்கு உள்ள போறாங்க?”

“உன்னைப் பாக்க.”

“நான் இங்கதானே இருக்கேன்.”

என்னையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அவளும் உள்ளே போனாள்.

நான் தரையில் உட்கார்ந்து காத்திருந்தேன். உள்ளே மூன்று பேர் பேசுகிற சத்தம் கேட்டது. ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரோ அழுதார்கள். யாரோ திட்டினார்கள்.

பிறகு இரண்டு பேர் பேசுகிற சத்தம்தான் கேட்டது.