இரண்டரை லிட்டருக்கு மேல் குடிக்காத வண்டி

“அம்மா, கடைசியா சொல்றேன். பெட்ரோல் விஷயமா இன்னொரு தடவை உன்கிட்டேருந்து எனக்கு போன் வந்துச்சு, அவ்வளவுதான். வண்டிச் சாவி என் கைக்கு வந்துடணும்.”

“சரி.”

“சரின்னா?”

“வந்துடும்னு அர்த்தம்.”

“சித்தி, நீங்கதான் சாட்சி.”

“சாட்சிதான்,” என்றாள் என் தங்கை, வாய் நிறைய பிஸ்கட்டோடு. என் பக்கம் பேசுவாள் என்று நம்பித்தான் அவளை அருகில் உட்கார வைத்திருந்தேன்.

மகளுக்குக் கல்லூரித் தேர்வுத் துறையில் வேலை. மணி அடித்து ஒரு நிமிடம் கழித்து மூச்சிரைக்க ஓடிவருகிறவனின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறவள். அவளிடம் கெஞ்சலும் நடக்காது, கொஞ்சலும் நடக்காது.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. அறுபத்தேழு வயதில் மற்றவர்கள் கைத்தடி பார்க்கப் போவார்கள். நான் போய் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வந்தேன். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, மொத்த எடை எழுநூறு கிலோவுக்குக் கீழே. பக்கத்து வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

“யாருக்கு?”

“எனக்கு.”

“ஓட்டறதுக்கா?”

“பின்ன, அலமாரில வைக்கவா?”

வாய் என்னவோ நன்றாகத்தான் பேசியது. வண்டியும் நன்றாகத்தான் ஓடியது. பெட்ரோல் மட்டும் குடிக்க மாட்டேன் என்றது. குழாயை உள்ளே விட்டு அழுத்தினால், நாலு விநாடியில் ‘டக்’ என்று நின்றுவிடும். மறுபடி அழுத்தினால் மறுபடி ‘டக்’. கெஞ்சிக் கூத்தாடி இரண்டரை லிட்டர் இறங்கும். அதற்குள் பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். நான் ரோஷத்தோடு கிளம்பிவிடுவேன். முப்பது, நாற்பது கிலோமீட்டரில் ரோஷமும் தீரும், பெட்ரோலும் தீரும். அப்படி இரண்டு முறை நடுவழியில் நின்று மகளுக்கு போன் செய்தேன். இரண்டு முறையும் அவள் கேனோடு வந்தாள்.

மெக்கானிக்கிடம் காட்டாமல் இல்லை. அவர் பட்டறையில் வைத்து கேனைக் கவிழ்த்தார். கடகடவென்று இறங்கியது. “வண்டிக்கு ஒண்ணுமில்லம்மா,” என்றார். என் பக்கம் திரும்பி வேறு ஏதோ சொல்ல வந்து, வயதைப் பார்த்து விட்டுவிட்டார்.

ஒப்பந்தம் போட்ட மறு வாரம், புதன்கிழமை காலை, தங்கையின் மூக்குக்கண்ணாடியைக் கடையிலிருந்து வாங்கிவரக் கிளம்பினோம். அவள் இல்லாமல் நான் வண்டியை எடுத்ததே இல்லை. வழி சொல்ல அவள், அதை மீற நான். முதல் திருப்பத்திலேயே பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டில் படுத்துவிட்டது.

“அக்கா, நின்னுடுமா?”

“வாயை மூடு.”

“நின்னா யாருக்குப் போன் பண்ணுவ?”

“யாருக்கும் பண்ண மாட்டேன். நீ இறங்கித் தள்ளு.”

பங்க்கில் நுழைந்தோம். தொப்பி போட்ட பம்புக்காரப் பெண் எங்களைப் பார்த்ததுமே முகம் மாறினாள். அடையாளம் தெரிந்துவிட்டது.

“எவ்வளவுங்கம்மா?”

“ஃபுல் டேங்க்.”

“போன தடவையும் இதேதான் சொன்னீங்க.”

டக். டக். டக்.

“குழாயைத் தலைகீழாப் பிடிம்மா, வாட்டமா இறங்கும்,” என்றார் பைக்கில் வந்த ஒருவர்.

தலைகீழாகப் பிடித்தாள். டக்.

“பாதி வெளிய இழு.”

இழுத்தாள். பெட்ரோல் அவள் காலணியில் தெறித்தது. டக்.

“மெதுவா, சொட்டுச் சொட்டா விடும்மா,” என்றேன் நான், உட்கார்ந்த இடத்திலிருந்து.

“சொட்டுச் சொட்டாவா? எனக்கு ரெண்டு மணிக்கு டூட்டி முடியுதுங்கம்மா.”

இத்தனை நடந்தும் நாங்கள் இருவரும் இருக்கையை விட்டு அசையவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். எப்போதும் அப்படித்தான். தரையை ஒட்டிய அந்த வண்டியில் உட்காருவது விழுவது மாதிரி, தானாக நடந்துவிடும். எழுந்திருப்பதுதான் வித்தை. அதை நாலு பேர் பார்க்கச் செய்ய எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

பின்னால் நின்ற லாரியின் கதவு திறந்தது. டிரைவர் இறங்கி வந்தார். திட்டப் போகிறார் என்று பதில் தயார் செய்தேன். அவர் திட்டவில்லை. குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தார்.

“பெட்ரோல் மூடி இருக்கற பக்கமா வண்டி சாஞ்சு நிக்குதே.”

அந்தப் பக்கத்தில்தான் என் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

“யாரால சாயுதுன்னு சொல்றீங்க?” என்றாள் அவள்.

“நான் யாரையும் சொல்லலம்மா. தரையும் அந்தப் பக்கம் கொஞ்சம் சரிவு. வண்டி காகிதம் மாதிரி லேசு. சாஞ்சதும் டேங்குல இருக்கற காத்து மேல் மூலைல மாட்டிக்குது. வெளிய வர வழியில்ல. காத்து வெளிய வராம பெட்ரோல் எப்படி உள்ள போகும்? ரெண்டு பேரும் இறங்குங்க.”

எனக்குக் காது சூடானது. முப்பத்துநாலு வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். கண்ணாடி பாட்டிலில் மருந்து ஏற்றிய காலத்தில், பாட்டிலில் காற்று ஊசி குத்த மறந்த பெண்களை, “காத்து போகாம மருந்து எப்படிடி இறங்கும்? மூளை இருக்கா?” என்று கேட்டு அழவைத்திருக்கிறேன். அங்கே காற்று உள்ளே போக வேண்டும், இங்கே வெளியே வரவேண்டும், வித்தியாசம் அவ்வளவுதான். பட்டறையில் பெட்ரோல் ஒழுங்காக இறங்கியபோது நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அதையும் நான் யோசிக்கவில்லை. மூளை இருக்கா?

இறங்கினோம். ஒரே சொல்லில் எழுதிவிட்டேன், நடந்தது அப்படியல்ல. நான் முதலில் இரண்டு காலையும் வெளியே போட்டு, கையைத் தரையில் ஊன்றி, சிறிது நேரம் நாலு காலில் நின்றேன். தங்கையைப் பம்புக்காரப் பெண் ஒரு கையும் பைக்கில் வந்தவர் ஒரு கையும் பிடித்து இழுத்தார்கள்.

“மெதுவா! கை கழண்டுடும்!”

“மூச்சை விடுங்கம்மா, அடக்காதீங்க!”

“விட்டா இன்னும் உள்ள இறங்கிடுவேன்!”

அவள் வெளியே வந்ததும் வண்டி ஊஞ்சல் போல ஒரு தரம் மேலே எழும்பி நின்றது. பார்க்காதது போல நடித்தேன்.

பம்புக்காரப் பெண் குழாயை விட்டு அழுத்தினாள். ஒரு லிட்டர். நாலு. ஒன்பது. இருபது. முப்பத்தொன்றில் ஒரே ஒரு ‘டக்’.

“ஃபுல்லுங்கம்மா!” என்று கத்தினாள் அவள். பைக்கில் வந்தவர் கைதட்டினார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பம்பின் பக்கத்தில் போனை எடுக்கக்கூடாது என்று அந்தப் பெண் கண்ணை உருட்டியதால், காற்றடிக்கிற இடம் வரை விறுவிறுவென்று நடந்தேன். முட்டி வலி கூட அப்போது தெரியவில்லை.

“என்னம்மா?”

“ஏய், ஃபுல் டேங்க்! முப்பத்தோரு லிட்டர்! காத்து மாட்டிக்கிட்டிருந்திருக்குடி, வேற ஒண்ணுமே இல்ல. இனிமே பாரு!”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“கேக்குதா?”

“கேக்குது. எங்கேருந்து பேசற?”

“பங்க்லேருந்துதான்.”

“எதுக்காகப் பேசற?”

“அதான் சொல்றேனே, பெட்ரோ...”

சொல் பாதியில் நின்றது. நான்தான் நிறுத்தினேன், ஆனால் காலம் கடந்து நிறுத்தினேன்.

“இது உதவிக்கு இல்லடி. சந்தோஷத்துக்கு.”

“நான் எதுக்குன்னு பிரிச்சு சொல்லலயே. பெட்ரோல் விஷயமா போன்னுதான் சொன்னேன்.”

“சித்தியைக் கேளு, அவ சொல்லுவா.”

தங்கை அதற்குள் என் பின்னால் வந்து நின்றிருந்தாள். போனை நீட்டினேன்.

“பெட்ரோல் விஷயம்னுதான் பேச்சு,” என்றாள் அந்தப் பாவி. “நான் சாட்சி.”

“சனிக்கிழமை காலைல வரேன்மா. சாவியை எடுத்து வை.” ஒரு கணம் நிறுத்தி, “முப்பத்தொண்ணா? நெஜமாவா?” என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

அங்கேயே நின்றேன். ஊரெல்லாம் என் பேரில் ஆயிரம் குறை சொல்லும்; வாக்கு மாறியவள் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. சாவியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். சனிக்கிழமை கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

“அக்கா.”

“பேசாத. வயிறு எரியுது.”

“இன்னிக்குப் புதன்.”

“அதுக்கென்ன?”

“புதன், வியாழன், வெள்ளி. முப்பத்தோரு லிட்டரு.”

அவளைப் பார்த்தேன். கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கி, நெடுஞ்சாலைப் பக்கம் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“உன் கண்ணாடி?”

“கடை எங்க ஓடிடப் போகுது?”

“முதல்ல உன் கண்ணாடி. வழி சொல்றவ குருடியா வர வேண்டாம். அப்புறம் எங்க வேணாலும் போலாம்.”

“அம்மா! ஆலோசனையெல்லாம் அப்புறம்!” லாரி டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். “வண்டியை எடுங்க!”

“எடுக்கறோம் தம்பி,” என்றேன். “முதல்ல வந்து இவளை உள்ள உக்கார வைக்க ஒரு கை குடுங்க.”