ஒன்றேகால் கிலோ

ஃப்ரிட்ஜை முதுகில் கட்டிக்கொண்டு நாலு மாடி ஏறுகிறவர் அவர். வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் தூக்கித் தருவதுதான் பிழைப்பு. அப்பேர்ப்பட்டவர், ஒன்றேகால் கிலோ மகளை வாங்கச் சொன்னதும் இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டார்.

இரட்டைப் பெண்கள். இரண்டு மாதம் முந்திக்கொண்டு பிறந்துவிட்டார்கள். இருவரையும் ஆஸ்பத்திரி மாடியில், மூன்றாம் நிலைத் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் வைத்தார்கள். மூச்சுக்கு மெஷின், உடம்பெல்லாம் வயர். பத்தாம் நாள் பெரியவள் தேறி, கீழ்த்தளத்தில் இருந்த இரண்டாம் நிலைக்குப் போனாள். அங்கே கதகதப்பும் குழாய் வழியே பாலும் போதும். அதையும் தாண்டினால் முதல் நிலை, அம்மாவின் பக்கத்திலேயே படுக்கலாம். சின்னவள் மட்டும் மேலேயே தங்கிவிட்டாள்.

அம்மாவுக்கோ ஆபரேஷன் தையல் ஆறவில்லை. மாடிக்கும் கீழுக்கும் எப்படி அலைவாள்?

"பெரியவளை நான் பாத்துக்கறேன். சின்னவகிட்ட நீங்க போங்க," என்றாள் கணவரிடம்.

"நான் போய் என்ன பண்றது? நின்னு வேடிக்கை பாக்கறதா?"

வேடிக்கை பார்க்க நர்ஸ் விடவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி, சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"சிஸ்டர், என் கை முரட்டுக் கை. பீரோ தூக்கற கை."

"கையை யாரு கேட்டா? நெஞ்சுச் சூடுதான் வேணும். அசையாம இருங்க."

மூக்கில் குழாயோடு சின்னவளை அவர் நெஞ்சில் கவிழ்த்துப் படுக்கவைத்து, மேலே போர்வையைச் சுற்றினாள். பூனைக்குட்டி கனம்கூட இல்லை.

"நீங்க மூச்சு விடலாம்ப்பா," என்றாள்.

அப்போதுதான் விட்டார்.

பத்து நிமிடத்தில் மூக்கு அரித்தது. சொறியவில்லை. கால் மரத்துப்போனது. நீட்டவில்லை. எண்பத்தொன்பதில் தள்ளாடிக்கொண்டிருந்த ஆக்ஸிஜன் அளவு, திரையில் தொண்ணூற்று நாலுக்கு ஏறி நின்றது. சின்னவள் அவர் நெஞ்சு முடியில் ஒரு கொத்தைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். சுரீரென்று வலித்தது. ஆனால் அந்தக் கையை யாராவது எடுத்துவிட வந்திருந்தால் அடிதடியே நடந்திருக்கும்.

அன்றிலிருந்து தினமும் வேலைக்குப் போகுமுன் இரண்டு மணி நேரம் அந்த நாற்காலி அவருடையது. இப்படிப் பன்னிரண்டு நாள் போனதும், சின்னவளையும் கீழே அனுப்பச் சொல்லிவிட்டார் டாக்டர்.

அக்கா பக்கத்தில் தங்கையைப் படுக்கவைத்தார்கள். அவர் சின்னவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னொருத்தியும் இருக்கா, ஞாபகம் இருக்கா?" என்றாள் மனைவி. "இவளை இதுவரைக்கும் ஒரு தடவை தூக்கினீங்களா?"

அவர் சட்டென்று பெரியவளைக் கையில் வாங்கிக்கொண்டார். அவளோ முகத்தைச் சுளித்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டாள்.

அவள் அவரிடம் சமாதானமாக ஒரு வாரம் பிடித்தது.