குருத்தை இழுக்காதே

மருத்துவமனைக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் ஃபோல்க்மார் ஒரு முழுத் தாளில் ஒன்பது குறிப்புகளை எழுதி, அக்காள் ரோஸ்வித்தாவின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டினான். இதயத்தில் வால்வு மாற்றும் அறுவை. அது முடிந்ததும் மலைப்பக்கத்து ஓய்வில்லத்தில் மூன்று வாரம். பிப்ரவரி நடுப்பகுதி வரை வீட்டில் இருக்கமாட்டான். ஒன்பது குறிப்புகளில் ஒன்றுகூட அவன் இதயத்தைப் பற்றியதன்று. அத்தனையும் பனைகளைப் பற்றியவை.

பனைகள் இரண்டு. சிறியது தொட்டியில் இருந்தது. அக்டோபர் முடிவிலேயே மாடிப்படிக்கு அடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. பெரியது, உடம்பெல்லாம் பழுப்பு நார் போர்த்திய சீனத்துப் பனை. ஆறு ஆண்டுகள் அதுவும் தொட்டியில்தான் இருந்தது. ஒவ்வொரு நவம்பரிலும் அக்காளும் தம்பியுமாக அதைத் தள்ளுவண்டியில் சாய்த்து, ஒருவரையொருவர் ஏசியபடி வீட்டுக்குள் இழுத்துவருவார்கள். போன ஏப்ரலில் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தென்சுவரோரம் குழி வெட்டி, அதை மண்ணில் நட்டுவிட்டான்.

"தொட்டியில வேரு நாலு பக்கமும் குளிர்ல நிக்குது, ரோஸி. ரெண்டு நாள்ல உறைஞ்சிடும். மண்ணுல அப்படி இல்ல, கீழேர்ந்து பூமி சூடு குடுக்கும்."

"தொட்டின்னா தூக்கிட்டு உள்ள ஓடலாம். பூமியத் தூக்கிட்டு ஓடுவியா?"

"யாரு தூக்கறது? நீயா?"

இனி அவன் கனம் தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தது அப்போது அவளுக்குத் தெரியாது. ஆகஸ்டு வரை அதை மறைத்தே வைத்திருந்தான். தெரியாததால், ஈஸ்டர் விருந்தில், ஆட்டுக்கறியைப் பரிமாறிக்கொண்டே, எட்டுப் பேர் காதில் விழும்படி அவள் சொன்னாள்: "முதல் குளிர்லயே செத்துப்போகும் பாருங்க. சாகட்டும், அப்பதான் இவனுக்குப் புத்தி வரும்." எல்லோரும் சிரித்தார்கள். ஃபோல்க்மார் உருளைக்கிழங்கை நசுக்கிக்கொண்டிருந்தான்.

இப்போது அந்தப் பனை அவள் பொறுப்பில். அது செத்தால் அவளுடைய அந்த வார்த்தை பலித்ததாகிவிடும். பலிக்கவைத்தது யார் என்ற கேள்வியும் கூடவே வரும். அவர்கள் இருவரும் அவன் கீழ்த்தளம், அவள் மேல்தளம் என்று ஒரே வீட்டில் இன்னும் எத்தனையோ ஆண்டுகள் வாழவேண்டியவர்கள். வேறு யாரும் இருவருக்குமே இல்லை.

ஆகவே தாளில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் செய்தாள். நிலப்பதிவு அலுவலகத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் இருந்தவள். எழுதியதை எழுதியபடியே செய்வது அவளுக்குக் கடினமன்று. குளிருக்காகப் பனையைச் சுற்றி நட்டிருந்த மூங்கில் சட்டத்தின்மேல் வெள்ளைத் துணி இறுக்கமாக இருக்கிறதா என்று காலையில் பார்த்தாள். வெயிலடித்த மதியங்களில் உச்சியைத் திறந்து காற்றாடவிட்டாள். நான்காவது குறிப்பு இது: 'தண்டைச் சுற்றியிருக்கும் சீரியல் பல்புச் சரம் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போனால் தானாக எரியும். மாலையில் சன்னல் வழியாகப் பார். எரிந்தால் போதும்.'

சனவரி ஒன்பதாம் தேதி அது எரியவில்லை. பழைய சரம், ஒரு முனையில் கருகியிருந்தது. கடையில் அப்படிப்பட்ட குண்டு பல்புகள் வருவது நின்று பல காலமாகிறது என்றார்கள். வேலிக்கு அப்பால், அடுத்த வீட்டுக் குபாஷ் கிறிஸ்துமஸ் அலங்காரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக் காவலர். அந்தப் பனையைக் கேலி செய்வதை ஒரு தொழிலாகவே வைத்திருந்தார்.

"என்ன ஃப்ராவ் டெங்லர், உங்க ஆப்பிரிக்காவுல கரண்ட் போயிடுச்சா?" என்றார் ரோஸ்வித்தாவிடம்.

"சீனா, ஹெர் குபாஷ். ஆப்பிரிக்கா இல்ல."

"எதுவா இருந்தா என்ன, தேங்காய் காய்ச்சா எனக்கு ஒண்ணு குடுங்க. இந்தாங்க, என் சரத்தை எடுத்துக்கங்க. எல்.இ.டி. புதுசு. இருபது மீட்டர். உங்க ராணிக்கு நகை மாதிரி இருக்கும்."

அவள் நன்றி சொல்லி வாங்கி, கருகியதை அவிழ்த்து, அதே இடைவெளியில் புதியதைச் சுற்றினாள். அன்று மாலை துணிக்கூட்டுக்குள்ளிருந்து பனை முன்னெப்போதும் இல்லாத பிரகாசத்தோடு ஒளிர்ந்தது. தெருவில் போன ஒருவர் நின்று படம்கூட எடுத்தார்.

அறுவை முடிந்த நான்காம் நாள் ஃபோல்க்மார் தொலைபேசியில் பேசினான். குரல் நூலாக இருந்தது.

"எரியுதா?"

"எரியுது. உனக்கு எப்படி இருக்கு?"

"என்னை ஆடு மாதிரி அறுத்துத் தச்சிருக்காங்க. எரியுதுல்ல?"

"எரியுது, ஃபோல்க்மார். தூங்கு."

ஒரு சொல்லும் பொய்யன்று.

சனவரி மூன்றாம் வாரம் கிழக்குக் காற்று வந்தது. பதினொன்று, பதினான்கு, கடைசியில் பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு. மூன்று நாள் அப்படியே நின்றது. மாலைதோறும் ரோஸ்வித்தா சன்னலருகே தேநீரோடு நின்று அந்த வெளிச்சத்தைப் பார்த்து நிம்மதியடைந்தாள். சொல்லப்போனால், தம்பி நட்டது சரிதானோ என்றுகூட ஒருமுறை நினைத்தாள்.

நான்காம் நாள் காலை குபாஷ் நடைபாதையில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷம் உங்க ராணி தொப்பியக் கழட்டவே இல்லையே?"

"என்ன தொப்பி?"

"தொட்டியில இருந்தப்ப, உள்ள தூக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் வெளியவே துணியும் பழைய பல்பும் சுத்தி வச்சிருப்பீங்கல்ல? அப்பல்லாம் உச்சியில விழற வெண்பனி உடனே உருகிடும். வழுக்கைத் தலை மாதிரி தெரியும். இப்ப பாருங்க."

துணிக்கூட்டின் உச்சியில் ஒரு சாண் வெண்பனி, கலையாமல், கூர்மையாக உட்கார்ந்திருந்தது. அதனடியில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

ரோஸ்வித்தா கையுறையைக் கழற்றி, துணிக்குள் கையை விட்டு ஒரு விளக்கைப் பற்றினாள். விரலிடுக்கில் ஒளி வழிந்தது; சூடு இல்லை. அடுத்ததைப் பற்றினாள். அதுவும் ஆற்றங்கரைக் கூழாங்கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது. பழைய பல்புகள் வெளிச்சத்துக்காக அல்ல, சூட்டுக்காகச் சுற்றப்பட்டவை என்பது பனை வளர்க்கும் எவருக்கும் தெரியும். அவ்வளவு தெரிந்த ஒன்றைத் தாளில் எழுதவேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை.

வெந்நீர்ப் பைகளைக் கட்டினாள். கம்பளங்களைச் சுற்றினாள். படிக்கட்டில் ஏறி இறங்கியதில் முட்டி வீங்கியது. மறுநாள் காற்று மேற்குக்குத் திரும்பி, குளிர் தானாகவே விட்டுப்போயிற்று.

பிப்ரவரி ஆறாம் தேதி துணியைப் பிரித்தாள். இலைகள் பச்சையாகத்தான் இருந்தன. நடுவில் குருத்து நேராக நின்றது. ஒன்பதாவது குறிப்பு தடித்த எழுத்தில் இருந்தது: 'குருத்தை இழுத்துப் பார்க்காதே. அதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.' அவள் அந்தத் தாளில் மீறிய ஒரே கட்டளை அது. இரண்டு விரலால் பிடித்து, வாசற்கதவைத் திறக்கும் அளவு வலுவோடு இழுத்தாள்.

குருத்து எந்தத் தடையும் சொல்லாமல் கையோடு வந்தது. அடிமுனை பழுப்பாக, கூழாக இருந்தது. அழுகிய முட்டைக்கோசின் நாற்றம்.

அவள் முனையைக் கைக்குட்டையால் துடைத்து, வந்த துளைக்குள்ளேயே செருகினாள். அது முன்போலவே நின்றது. ஏப்ரல் வரையில் அப்படியே நிற்கும். அதன்பின் வாடினால் குளிரின்மேல் பழி போகும், மண்ணில் நட்டவன்மேல் போகும். தன்னிடம் இப்படியொரு திறமை இருப்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

பதினான்காம் தேதி ஃபோல்க்மார் வாடகைக் காரில் வந்து இறங்கினான். எட்டுக் கிலோ இளைத்திருந்தான். மேலங்கிக்குள் மார்பை ஒரு கையால் அணைத்தபடி, வீட்டுக்குள் போகாமல், தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு நேராகத் தென்சுவருக்கு நடந்தான். ரோஸ்வித்தா பின்னால் போனாள். அந்தத் தாளை நான்காக மடித்து மேலங்கிப் பையில் வைத்திருந்தாள். 'எரிந்தால் போதும்.' எந்த நீதிமன்றமும் ஏற்கும்.

"அடேயப்பா!" என்றான் அவன். "ரோஸி, பதினேழு டிகிரியாம், வானொலியில சொன்னான். அங்க படுத்துக்கிட்டு, போச்சுன்னே நெனச்சேன். இங்க பாரு, குருத்து ஈட்டி மாதிரி நிக்குது! தொட்டிக் கட்சி தோத்துடுச்சு, ஒத்துக்கோ."

"உள்ள வா. சூப் ஆறுது."

"மொதல்ல ஒத்துக்கோ." அவன் சிரித்தான், சிரிப்பு தையலில் பிடித்து முகம் கோணியது. "நீ பார்த்துக்கிட்டதாலதான். அதையும் சொல்லிடறேன். ஈஸ்டர்ல சொன்னதெல்லாம் கழிஞ்சுது. சரியா?"

அவன் கை குருத்தை நோக்கி நீண்டது. இந்தப் பனைக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். கண்ணால் பார்த்தது அவர்களுக்குப் போதாது.

"இழுக்காதே," என்றாள் ரோஸ்வித்தா.

கை அந்தரத்தில் நின்றது. அவன் பனையைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான்.

"எப்போ?"

"ஆறாம் தேதி. இழுத்தேன், வந்துச்சு. திரும்ப நான்தான் சொருகி வச்சேன்."

அவன் குனியாமல், முழங்காலை மட்டும் மடக்கி, அடியில் சுருட்டிவைத்திருந்த சரத்தை எடுத்தான். ஒரு விளக்கை விரல்களுக்கிடையே உருட்டினான்.

"இது எல்.இ.டி."

"ஆமா. பழசு கருகிடுச்சு."

"எரியுதான்னு நான் கேட்டேன்."

"எரிஞ்சுது."

வேண்டுமென்றே செய்தாயா என்று அவன் கேட்டிருந்தால், இல்லை என்று சொல்லியிருப்பாள்; அது உண்மையாகவும் இருந்திருக்கும். கேட்கப்படாத கேள்விக்கு அவளால் எப்படிப் பதில் சொல்ல முடியும்? பையிலிருந்த தாளை விரல்கள் தொட்டன. அவள் அதை வெளியே எடுக்கவில்லை.

ஃபோல்க்மார் குருத்தை மெல்ல உருவி, முனையை மோந்து, புல்லில் போட்டான்.

"நிலவறையில பழுப்பு புட்டியில பெராக்சைடு இருக்கு, அழுகலைக் கொல்லும். துளைக்குள்ள ஊத்தணும். நான் கையத் தோளுக்கு மேல தூக்கக்கூடாது."

"நான் ஊத்தறேன்."

"உள்ள தண்டு அழுகலைன்னா புதுசா ஒண்ணு வரும்."

"எப்பத் தெரியும்?"

"ஜூன்ல."

அவள் புட்டியைக் கொண்டுவந்து, முக்காலியில் ஏறி ஊற்றினாள். துளைக்குள் சீறும் ஓசை கேட்டது. வெள்ளை நுரை பொங்கி நார்மேல் வழிந்தது.

"நுரை அடங்கற வரைக்கும் நில்லு. அப்புறம் இன்னொரு தடவை ஊத்து," என்று சொல்லிவிட்டு அவன் வீட்டை நோக்கி நடந்தான். வாசலில் மூன்று படிகள். அவள் முக்காலியிலிருந்து இறங்கி ஓரடி வைத்தாள். அவன் திரும்பாமலே, இடக்கையைச் சற்றே உயர்த்தி வேண்டாம் என்று காட்டிவிட்டு, கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினான்.

ரோஸ்வித்தா மீண்டும் முக்காலியில் ஏறினாள். நுரை இன்னும் அடங்கவில்லை.