தையல் மெஷினுக்கு அடியில் ஒரு காசு

அக்காவின் கண் ஆபரேஷனுக்காக, அப்பா சேர்த்த வெள்ளிக் காசுகளை விற்கப் போனேன். நல்ல விலை வரட்டும் என்று மனைவி எல்லாவற்றையும் பல்பொடி போட்டுத் தேய்த்திருந்தாள்.

“போச்சு! பழங்காசுக்குக் கறுப்புதான் சார் அழகு. இனி வெறும் வெள்ளி விலைதான்,” என்றார் கடைக்காரர். அது பாதிச் செலவுக்குக்கூடக் காணாது. “தேய்க்காதது ஒண்ணுகூட இல்லையா?”

இருந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரரின் மெஷின் ஆடாமலிருக்க, அதன் காலுக்கடியில் வைக்க அப்பாவின் காசுகளிலிருந்து எப்போதோ நான் எடுத்துக் கொடுத்த காசு. ஓடினேன். துணியில் சுற்றி வைத்திருந்ததால் அதில் ஒரு கீறல்கூட இல்லை.

“எடுத்துக்கோ தம்பி. மெஷின் ஆடினா ஆடிட்டுப் போகட்டும்!”

கடைக்காரர் லென்ஸில் பார்த்துத் துள்ளி எழுந்தார். “அடேயப்பா! இது ஒண்ணே போதும் சார்!”

அக்காவுக்கு நாள் குறித்தாயிற்று. ஆண்டவன் எதை எங்கே பத்திரப்படுத்துகிறான் என்று யாருக்குத் தெரியும்? மெஷினுக்கடியில் இப்போது பளபளக்கும் காசு ஒன்று இருக்கிறது.

“நான் தேய்ச்சதும் வீண்போகல, பாத்தீங்களா?” என்கிறாள் மனைவி.