வேல்ஸ்காரரின் அம்மாவுக்கு ஒரு மாலை

ராஜலிங்கத்துக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பமாட்டார். சரிபார்த்ததை நாலு பேருக்குச் சொல்லாமலும் இருக்கமாட்டார். பகலில் கண்டி முனிசிப்பல் கந்தோரில் கிளாக்கர், மாலையில் வாசிகசாலைச் செயலாளர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலில் வாசிகசாலை மண்டபத்தில் எம்லின் பவல் என்ற வேல்ஸ் நாட்டு ஓவியரின் படங்களைக் காட்சிக்கு வைக்க முடிவானபோது, அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதும் வேலையைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பவலுக்கு இரண்டு பிள்ளைப்பருவங்கள் இருந்தன. கொழும்புப் பத்திரிகைக்கு அவர் சொன்னபடி, தகப்பனார் பள்ளிக்கூட ஆசிரியர். தாயார் இவருடைய ஆறாவது வயதில் காலமானார். வசதியான அத்தை வீட்டில் வளர்ந்தார். கெலிஓயாவில் அவருக்கு வீடு வாடகைக்குக் கொடுத்திருந்த துணிக்கடை மஹ்மூத் வேறு கதை வைத்திருந்தார்.

“அதெல்லாம் பொய், கிளாக்கர் ஐயா. வாப்பா நிலக்கரிச் சுரங்கத்துல மவுத்தாப் போனவர். உம்மாதான் ஊடு ஊடாப் போய் உடுப்புக் கழுவி இவர வளத்த. முதல் சாயப்பெட்டி வாங்கிக் குடுத்ததும் உம்மாதான். ஒரு மழை நாள் எங்கட ஊட்டுல சோறு திண்டுக்கிட்டே அவரே சொன்ன.”

சோற்றுத் தட்டுக்கு முன்னால் சொன்னதையெல்லாம் ஆதாரமாக எடுக்க முடியுமா? ராஜலிங்கம் பவலிடமே கேட்டார். பவல் தூரிகையைத் துடைத்துக்கொண்டே, “பத்திரிகையில் வந்துவிட்டதே, அப்படியே இருக்கட்டும்” என்றார். இவர் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

கம்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எவன்ஸ் என்ற எஞ்சினியர் இருந்தார். பவலின் ஊர்க்காரர். ரயிலேறிப் போய்க் கேட்டிருக்கலாம். மழை, தும்மலும் தடிமனும், சோம்பல். அவருக்கு ஓர் அழைப்பிதழை மட்டும் அனுப்பிவிட்டு, பத்திரிகையில் வந்ததையே அழகான தமிழில் எழுதி, அடியில் ‘தீர விசாரித்து எழுதியது’ என்றும் போட்டுக்கொண்டார்.

காட்சி தொடங்கும் நாள் காலையில் அவர் மனைவி யசோதா குறிப்பைப் படித்துவிட்டுக் கண் கலங்கினாள். சுவரின் நடுவில் ‘அம்மா’ என்ற படம் மாட்டியிருந்தது. சட்டைக்கையைச் சுருட்டிவிட்ட ஒரு பெண், முழங்கைவரை ஈரம்.

“ஆறு வயசுலயே தாய இழந்துட்டாரேங்க. அந்தம்மா படத்த சும்மாவா விடுறது?” என்று வீட்டுக்குப் போய் மல்லிகை மாலை கட்டி வந்தாள். படத்துக்கு மாலை சாத்தி, கீழே ஒரு விளக்கும் ஏற்றினாள். பவல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கெலிஓயாவில் எத்தனையோ சாவு வீடுகளுக்குப் போய்வந்தவர்தான். நன்றியில் வாயடைத்துப்போனார் என்று ராஜலிங்கம் பூரித்தார்.

மண்டபம் நிறைந்த பிறகு குடையிலிருந்து நீர் சொட்ட எவன்ஸ் வந்தார். பவல் இந்தத் தீவில் இருப்பதே அழைப்பிதழைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியும். படத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“அட, மேகன்!” என்று ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னார். “பூவும் விளக்குமா! அடுத்த மாதம் லீவில் ஊருக்குப் போகிறேன். முதல் வேலையாக அவளிடம் சொல்கிறேன், கண்டியில் உனக்கு எப்பேர்ப்பட்ட மரியாதை என்று.”

ராஜலிங்கம் கிட்டே போனார். “அவர்... இருக்கிறாரா?”

“இருக்காமல்? முதுகு கூனிவிட்டது, வாய் மட்டும் கூனவில்லை. தினமும் பொழுது சாய்ந்ததும் ஜன்னலில் விளக்கு வைப்பாள். பையன் வரும்போது படியில் இடறக்கூடாதாம்.”

ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யசோதா கணவரின் கையைப் பிடித்தாள். “என்னங்க சொல்றாரு?”

சொல்லத்தான் வேண்டியிருந்தது. “அந்தம்மா உசிரோட இருக்காங்களாம்.”

“ஐயையோ! உசிரோட இருக்கிற தாய்க்கா மாலை போட்டேன்!” அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கூட்டத்தில் நின்ற மஹ்மூத் ராஜலிங்கத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஏசியிருந்தால்கூடத் தேவலை. ராஜலிங்கத்தின் கண் படத்திலிருந்த அந்தக் கைகளுக்குப் போயிற்று. ஆசிரியர் பெண்சாதிக்கு முழங்கைவரை ஏன் ஈரம்? சலவைக்காரியின் கைகள் ஒரு வாரமாக அவர் கண் முன்னாலேயே தொங்கின. விசாரித்தாராம், தீர! கூட்டத்தில் பாதிப்பேர் அச்சடித்த அந்தக் குறிப்பால்தான் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

யசோதா மாலையை எடுக்க ஓடினாள். “நீங்கள் வேண்டாம்” என்று பவல் முந்திக்கொண்டு கழற்றினார்.

“ஏன் எடுக்கிறாய்? கேட்டால் சந்தோஷப்படுவாளே!” என்றார் எவன்ஸ்.

“இந்த ஊரில் இது செத்தவர்களுக்குப் போடுவது.”

எவன்ஸின் சிரிப்பு போய்விட்டது. “அவள் செத்துவிட்டாள் என்று இவர்களுக்கு யார் சொன்னது?”

“பிழை என்னுடையது சேர்” என்று ராஜலிங்கம் குறுக்கே வந்தார். “நான் உங்களிடம் வந்து கேட்டிருக்க வேண்டும்.”

“நீங்கள் என்னிடம் கேட்டீர்கள்” என்றார் பவல். பிறகு எவன்ஸிடம் திரும்பினார். “நான்தான் சொன்னேன். சலவைக்காரி மகன் என்றால் யார் படம் வாங்குவார்கள் என்று பயந்து முதலில் பொய் சொன்னேன். பிறகு மாற்றிச் சொல்ல வெட்கம். வெட்கத்தில் கடிதம் போடுவதும் நின்றுபோயிற்று. இன்றைக்குப் படத்துக்கு மாலை போடும்போதும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.”

எவன்ஸ் குடையைச் சுவரில் சாய்த்தார். “அவளிடம் நான் என்ன சொல்லட்டும்?”

பவல் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். “நான் செத்துப்போனேன் என்று சொல்லிவிடு.”

“பன்னிரண்டு வருடமாக ஊரே அதைத்தான் சொல்கிறது, எம்லின்” என்றார் எவன்ஸ். “அவள்தான் நம்பமாட்டேன் என்கிறாள்.”