கயிற்றுக்குள் ஒன்பது பேர்

ஈவன் பிரதரோவுக்கு மூக்குக்கு மேல் கோபம். இரும்பாலையில் உலை கிளறுகிறவன். ஸ்லேட் கிரீக் ஊரின் ஃபுட்பால் கிளப்புக்கு, அதாவது பந்தைக் கையில் ஏந்தி மோதிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டத்துக்கு, கேப்டனும் அவன்தான். அந்த 1893 சீசனில் நடுவர் ஓரவஞ்சனை செய்தார் என்று மூன்று ஆட்டங்களில் பாதியிலேயே ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறியிருந்தான். மானமுள்ள கேப்டன்கள் அப்போது அதைத்தான் செய்தார்கள். ஊர் அவனைத் தோளில் தூக்காத குறை.

ஆனால் வெளியேறினால் தோல்வி. மூன்றாம் தடவைக்குப் பிறகு பிட்ஸ்பர்க் நகரத்து கிளப்பிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இன்னும் ஓர் ஆட்டத்தை முடிக்காமல் போனால், அடுத்த வருடம் எந்த கிளப்பும் அவர்களோடு ஆடாதாம். ஆடுவதற்கு ஆளே கிடைக்காத கிளப்பைக் கலைத்துவிட வேண்டியதுதான்.

கடைசி ஆட்டம் நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகையன்று, ஆலைக்குப் பின்னால், உலைச்சாம்பல் கொட்டிய மைதானத்தில். வந்தது கடிதம் எழுதிய அதே நகரத்து கிளப். வழக்கப்படி விருந்தாளிகள் கூட்டி வந்தவரே நடுவர். வேலிக்கு ஓணான் சாட்சி.

இரண்டாம் பாதியில் ஸ்லேட் கிரீக் இருபத்திரண்டு புள்ளி பின்தங்கியிருந்தபோது ஈவனின் ஆள் மிக்கால் ஹுடாக் பந்தை நெஞ்சோடு அணைத்து, காலைப் பிடித்த இருவரையும் இழுத்துக்கொண்டே எல்லைக் கோட்டைத் தாண்டி விழுந்தான். அந்த சீசனில் அவர்களுடைய முதல் புள்ளிகள் அவை. நடுவர் தலையை ஆட்டினார்.

"செல்லாது. முன்னாடியே 'டவுன்'னு சொல்லிட்டான்."

பிடிபட்டவன் தன் வாயால் 'டவுன்' என்று சொன்னால் ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்கும்.

"நான் எங்க சொன்னேன்?" என்றான் ஹுடாக். "வாய் நிறைய மண்ணுய்யா."

கூட்டம் கொதித்தது. "வெளிய வா, ஈவன்" என்று மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பாலிருந்து கத்தினார்கள். ஈவனின் கால் தானாகவே கயிற்றை நோக்கித் திரும்பிவிட்டது. அப்போதுதான் நகரத்து கேப்டன் லோரிமரைப் பார்த்தான். அவன் கிளம்புவதற்காகக் கோட்டின் ஒரு கையை ஏற்கெனவே மாட்டியிருந்தான்.

"என்னப்பா பிரதரோ, வழக்கம்போல நடையைக் கட்டு. நாங்களும் அஞ்சு மணி ரயிலைப் பிடிக்கணும்."

ஈவனுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. மூன்று தடவையும் எவனோ இப்படித்தான் கோட்டு மாட்டியிருப்பான். தன் கோபத்தை மானம் என்று நம்பியதை நினைக்க வெட்கமாக இருந்தது.

"டேய், ஒருத்தனும் கயித்தைத் தாண்டக் கூடாது."

"அந்த நடுவர் ஏமாத்துறான், கண்ணு தெரியலையா உனக்கு?" என்றான் ஹுடாக்.

"தெரியுது. நாம கோவிச்சுக்கிட்டுப் போகணும்னுதான் ஏமாத்துறான். போனா நமக்குக் கிளப் இல்லை. வரிசையில நில்லு."

அதன்பின் விழுந்தது அடி. இருவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாற்று ஆள் கிடையாது. பதினொருவரில் ஒன்பது பேர் நின்றார்கள். "சொரணை கெட்டவனே" என்று சொந்த ஊர்க்காரனே ஈவனைத் திட்டினான். லோரிமரின் முழங்கையைவிட அதுதான் வலித்தது. ஒவ்வொரு முறையும் எழுந்துபோய் வரிசையில் நின்றான்.

விசில் ஊதியபோது முப்பத்தெட்டுக்குப் பூஜ்ஜியம். லோரிமர் மைதான வாசலை நோக்கி நடந்தான். ஈவன் உதட்டு ரத்தத்தைத் துப்பிவிட்டு அவன் முன்னால் போய் நின்றான்.

"ஆட்டம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. முப்பத்தெட்டு வாங்கியும் உறைக்கலையா?"

"உறைக்குது. முடிஞ்சுதுன்னு எழுதிக்க. அடுத்த வருஷம் எந்தத் தேதி?"

"ரயிலுக்கு நேரமாச்சு. கடிதம் போடறோம்."

"உங்க கடிதம் ஒண்ணு படிச்சாச்சு. இப்பச் சொல்லு."

ஹுடாக் நொண்டிக்கொண்டே வந்து ஈவனின் பக்கத்தில் நின்றான். பிறகு மற்ற ஏழு பேரும் வந்தார்கள். யாரும் கை ஓங்கவில்லை, வழியும் விடவில்லை. லோரிமர் தேதியை எழுத நடுவரிடமிருந்து பென்சிலை வாங்கினான்.