காலி ஓட்டம்

வாசற்படியின் ஓரத்தில் தன்னுடைய செருப்பு கிடப்பதைக் கண்டு, கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்காமலேயே அவள் நின்றுவிட்டாள். பழுப்பு நிறம், குறுக்கே இரண்டு வார், அவள் வழக்கமாக வாங்கும் வகை, அவளுடைய அளவு. ஆனால் அவளுடைய செருப்பு அவள் காலில் அல்லவா இருந்தது? குனிந்து பார்த்தாள். கிடந்த இணையின் இடக்குதிகாலில் வெளியோரம் சாய்வாகத் தேய்ந்திருந்தது. இடது காலைச் சற்றே இழுத்து நடப்பது அவளுக்குச் சிறு வயது முதலே உள்ள பழக்கம். எந்தச் செருப்பை வாங்கினாலும் அந்த ஓரந்தான் முதலில் கரையும்.

கதவைத் திறந்த கணவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். அவர் மாடிக் கட்டடங்களில் லிப்ட் பழுது பார்ப்பவர். கைகளில் எப்போதும் உள்ள கிரீஸ் வாசனை அப்படியே இருந்தது.

"இது யாருதுங்க?"

"உன்னுதுதான். நான்தான் வாங்கிப் போட்டேன். வாசல்ல பொம்பளைச் செருப்பு கிடந்தாத்தானே ஆள் இருக்கற வீடா தெரியும்?"

"தேஞ்சிருக்கே?"

"புதுசா இருந்தா சந்தேகம் வரும்னு கல்லுல தேய்ச்சிருப்பேன். உள்ள வா, வாசல்லயே நின்னு விசாரணை பண்ணாத."

தாம் செய்த ஒன்றைப் பற்றிப் பேசுகிறவர்போல் அவர் பேசவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அவர்கள் பிழைக்க வந்திருந்த அந்த வெளிநாட்டில் குடியுரிமை வேண்டுவோர் ஐந்தாண்டுகள் இடைவிடாது அங்கே குடியிருந்திருக்க வேண்டும். நடுவில் அரையாண்டுக்கு மேல் வெளியே தங்கிவிட்டால் இருந்த ஆண்டுகளெல்லாம் இல்லாதவையாகிவிடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கணவருக்கு முன்னரே குடியுரிமை கிடைத்திருந்தது. அவளுக்கு ஐந்தாம் ஆண்டு முடியும் தறுவாயில், ஊரில் அக்காள் படுத்த படுக்கையானாள். அக்காள் சாவதற்கு எடுத்துக்கொண்ட காலம், சட்டம் தந்த காலத்தைக் காட்டிலும் சற்றே நீண்டது. கரண்டியால் அக்காளின் வாயில் நீர் ஊற்றுகையில் தன் கண்கள் சுவரிலிருந்த நாட்காட்டிக்குப் போய் மீண்டதையும், அதை அக்காள் பார்த்துவிட்டதையும் அவளால் மறக்க முடியவில்லை. குடியுரிமை அவளுக்கு வேண்டியது வேறெதற்காகவும் அன்று. இனி ஒருவர் நோயுறும்போது, இவர் எப்போது இறப்பார் என்று மனம் கணக்குப் பார்க்கலாகாது, அதற்காகவே வேண்டியிருந்தது.

சட்டத்தில் ஒரேயொரு சலுகை இருந்தது. போனவர் திரும்பும் எண்ணத்துடனேயே போனார், அவருடைய குடித்தனம் கலையாமல் நடந்துகொண்டிருந்தது என்று அதிகாரி நேரில் கண்டு ஒப்புக்கொண்டால், கூடிப்போன நாட்களை மன்னிக்கலாம். இதைத் தொலைபேசியில் கேட்டதும் கணவர் சிரித்தார். "அவ்வளவுதானே? ஆள் வராத கட்டடத்துல லிப்ட்டைச் சும்மா நிறுத்தி வச்சா துருப்பிடிச்சிடும். தினம் ஒரு தடவை மேலயும் கீழயும் காலியா ஓட்டி விடுவோம். வீட்டுக்கும் ஒரு காலி ஓட்டம் குடுத்துடறேன். நீ கவலைப்படாம அக்காவைப் பாரு."

அவர் சொன்னதைச் செய்திருந்தார். அவள் புடைவைகளை வாரத்தில் மும்முறை நனைத்துப் பால்கனியில் உலர்த்தியிருந்தார். அவள் எழும் வேளையில் சமையலறை விளக்கைப் போட்டிருந்தார். இரண்டு தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். சுவருக்கு அப்பால் கேட்கும்படி, சாப்பிடும்போது அவளோடு பேசவும் செய்திருந்தார். வேலையில் கெட்டிக்காரர் எதையும் அரைகுறையாக விடுவதில்லை.

பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது எதிர்வீட்டு நர்ஸம்மாள் எட்டிப் பார்த்தார். ஓய்வு பெற்றும் கண்ணின் கூர்மை ஓயாதவர். உள்ளே வந்தவர் அவள் தலையைப் பார்த்துத் திடுக்கிட்டார். அக்காளுக்குப் பணிவிடை செய்யும் நாட்களில் வாரிக்கொள்ள நேரமில்லாமல், அவள் கூந்தலைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள்.

"என்ன கண்ணு, முடியை எப்ப வெட்டின? காலையில துணி காயப்போடறப்ப கூட இடுப்பு வரைக்கும் ஈரமா தொங்கிச்சே!"

"நான் ஊர்லேந்து இப்பத்தான் வரேம்மா. அக்கா தவறிட்டாங்க."

"அடப்பாவமே. தெரியும் கண்ணு, போன மாசம் நீதானே சொல்லி அழுத? படியில உக்காந்து, என் மடியில தலையை வச்சுக்கிட்டு." நர்ஸம்மாள் அவள் கன்னத்தைத் தொட்டார். "அந்தத் துக்கத்துல என்னென்னவோ பேசற. போய்ப் படு."

அவர் போன பின் அவள் கணவரைப் பார்த்தாள். கணவர் திருகுப்புளியால் அலமாரிக் கைப்பிடியை முடுக்கிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

"அவங்களுக்கு வயசாயிடுச்சு" என்றார் அவர். "நான் பேசறதைக் கேட்டுக் கேட்டு, நீ பதில் சொன்ன மாதிரியே நினைச்சுக்கிட்டாங்க."

"நீங்க பேசினப்ப யாராவது பதில் சொன்னாங்களா?"

அவர் அடுத்த கைப்பிடிக்கு நகர்ந்தார். குளியலறைச் சீப்பில் நீண்ட முடிகள் இரண்டு சுற்றியிருந்தன. அவற்றை அவள் விரலில் சுற்றி எடுத்தாள். ஈரமாக இருந்தன.

மறுநாள் காலை அதிகாரி வந்தார். சளி பிடித்த, நல்ல சுபாவமுள்ள, வயதான மனிதர். வாசலில் கிடந்த இரண்டு இணைச் செருப்புகளுக்கும் நடுவே தம்முடையதைக் கவனமாகக் கழற்றி வைத்தார். மூக்கைத் துடைத்தபடியே சமையலறையைப் பார்த்தார், அலமாரியைத் திறந்தார், தலையணைகளைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வேலையில நான் பாக்காத கூத்து இல்ல. ஒரு வீட்டுல கடையிலேந்து துணிப் பொம்மையைக் கொண்டுவந்து சன்னல் கிட்ட உக்கார வச்சிருந்தாங்க!" என்று சிரித்தார். கணவரும் சிரித்தார். குளியலறைக்குள் போன அதிகாரி சற்று நேரம் வெளியே வரவில்லை.

"பல் தேய்க்கற பிரஷ் மூணு இருக்கே. மூணும் ஈரமா இருக்கு. யாராவது தங்கியிருக்காங்களா?"

ஒன்று கணவருடையது. ஒன்று அவள் பயணத்தில் கொண்டு சென்று கொண்டு வந்தது. மூன்றாவதை அவள் ஊருக்குப் போகும்போது விட்டுச் சென்றிருந்தாள். இரவு அதைத் தொட்டுப் பார்த்தபோது உலர்ந்துதான் கிடந்தது.

"ஆமா சார்" என்றார் கணவர். "விருந்தாளி."

சொல்லி முடித்த பிறகு அவர் அவளைப் பார்த்தார். அதிகாரியும் அவளைப் பார்த்தார். இருவரும் பார்த்த விதத்தில், அவள் தன்னையறியாமல் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து அமர்ந்தாள்.

எதிர்வீட்டுக்குப் போய்த் திரும்பிய அதிகாரி நெடுநேரம் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். "பாஸ்போர்ட்டைப் பாத்தா அரை வருஷத்துக்கு மேல ஒருத்தங்க வெளியில இருந்திருக்காங்க. அந்தம்மா என்னடான்னா, இந்த வீட்டுப் பொண்ணு ஒரு நாள் கூட எங்கயும் போகலன்னு சத்தியம் பண்றாங்க. நான் விட்டுப்போன நாளை மன்னிக்க வந்தேன். இங்க எதுவுமே விட்டுப்போகல."

"போனது நான்தான் சார்" என்றாள் அவள். "எங்க அக்கா செத்துப் போனா. நான் பக்கத்துல இருந்தேன்."

"இருந்திருப்பீங்க. நான் இல்லைன்னு சொல்லலையே." அவருடைய குரலில் உண்மையான பரிவு இருந்தது. "ஆனா போனது யாருன்னு சட்டம் கேக்கறதில்லம்மா. குடியிருந்தது யாருன்னுதான் கேக்குது. குடியிருந்திருக்காங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நான் சிபாரிசு பண்ணிடறேன்."

பிறகு கணவர் பக்கம் திரும்பி, "திங்கக்கிழமை குடியுரிமை உறுதிமொழி. அவங்களை நேரத்தோட கூட்டிட்டு வந்துடுங்க" என்றார்.

மகிழ்ந்திருக்க வேண்டிய வீடு. கணவர் இனிப்பு வாங்கி வந்தார். மூன்று கிண்ணங்களில் போட்டார். பிறகு மூன்றாவதைத் திருப்பி டப்பாவில் கொட்டினார்.

"நான்தானே போய் உறுதிமொழி சொல்லணும்?" என்று அவள் கேட்டாள்.

"வேற யாரு போவா? என்ன கேள்வி இது?"

"என்னைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் அவளைப் பார்த்தார். உழைத்துக் களைத்த, பொய் சொல்லத் தெரியாத முகம். "நீ இல்லாதப்ப ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு" என்றார். "முதல்ல எல்லாம் நான்தான் செஞ்சேன். துணியை நனைச்சேன், விளக்கைப் போட்டேன். அப்புறம் ஒரு நாள் வேலையிலேந்து வந்தா துணி காஞ்சுக்கிட்டிருந்துச்சு. நான்தான் போட்டுட்டு மறந்துட்டேன்னு நினைச்சேன். அப்படி நினைச்சுக்கறது நல்லா இருந்துச்சு. நிறுத்தத் தோணல."

அவளால் கோபப்பட முடியவில்லை. அக்காளின் கட்டிலருகே அமர்ந்து, தான் இந்த வீட்டில் இருப்பதாக எத்தனை முறை நினைத்திருப்பாள்? அந்தச் சன்னல், அந்த அடுப்பு, இவருடைய கிரீஸ் வாசனை. அங்கே இருந்த அத்தனை நாளும் அவள் முழுமையாக அங்கே இருந்தாளா? அக்காள் அதைத்தானே பார்த்தாள்?

திங்கட்கிழமை காலை அவள் நல்ல புடைவை உடுத்திக்கொண்டு புறப்பட்டாள். கதவைப் பூட்டுகையில், வாசலில் அந்த இன்னோர் இணைப் பழுப்புச் செருப்பைக் காணவில்லை. கணவர் எடுத்து உள்ளே வைத்திருப்பார் என்று எண்ணிக்கொண்டாள், கேட்கவில்லை. நர்ஸம்மாள் கதவருகே நின்று கையசைத்தார். "நல்லபடியா போயிட்டு வாங்க. இன்னைக்குப் பூ வச்சுக்கிட்டது எவ்வளவு லட்சணமா இருக்கு!"

அவள் பூ வைத்துக்கொள்ளவில்லை. வைக்கும் அளவுக்குக் கூந்தலும் இல்லை.

லிப்ட் வந்து நின்றது. திருமணமான புதிதில் அவர் இதைக் காட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தார்: "ஒரு ஆள் கால் வச்சா தரை ஒரு நூல் அமுங்கும். கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்காலுக்குத் தெரியும்." அவள் முதலில் ஏறினாள். தரை மெல்ல அமுங்கிற்று. கணவர் வெளியிலேயே நின்று, கதவு மூடாதபடி விளிம்பில் கை வைத்திருந்தார்.

"என்னங்க, நான் ஏறிட்டேனே."

"ம்" என்றார் அவர். கையை எடுக்கவில்லை.

அவருடைய இரு கால்களும் இன்னும் வெளியேதான் இருந்தன. அவள் உள்ளங்காலுக்குக் கீழே தரை மறுபடியும் ஒரு நூல் அமுங்கியது. அதன் பிறகே அவர் கையை எடுத்துவிட்டு உள்ளே வந்தார். அவள் புடைவைத் தலைப்பை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, இடம் விட்டு மூலைக்கு நகர்ந்தாள்.